துடைத்த புள்ளிகள்

போட்டோக்கொப்பிக் கடையிலை வேலை செய்யிறவனுக்குப் பேய் பிசாசுக்குப் பயமில்லை, கறுப்புப் புள்ளிக்குத்தான் பயம். கவுண்டருக்குப் பின்னாலை நிண்டு கால் வீங்கின ஆக்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ரெண்டாயிரத்து மூண்டிலை, மொன்றியாலிலை ஒரு கடையிலை நான் பட்ட பாடு இது.

ஆறு எட்டான கதை

திருகோணமலை அக்கா ஒருத்தி மகளின்ரை பிறப்புப் பத்திரத்தைக் கொப்பி எடுத்துக்கொண்டு போனவ. மெஷின் கண்ணாடியிலை கிடந்த ஊத்தை ஒண்டு, பிறந்த ஆண்டிலை இருந்த ஆறின்ரை வாயை அடைச்சு எட்டாக்கிப் போட்டுது. பள்ளிக்கூடத்திலை பிள்ளையைத் திருப்பி அனுப்பிப்போட்டினம். அடுத்த நாள் கடை அதிர வந்து நிண்டா.

"உங்கட மெசினால என்ட பிள்ளைக்கு ரெண்டு வயசு குறைஞ்சு போச்சு!"

கடைசிப் பக்கம்

அண்டையிலிருந்து முதலாளி சிவமண்ணை சட்டம் போட்டிட்டார்: எந்தக் கொப்பியிலும் புள்ளி இருக்கப்படாது.

பேந்துதான் ஒரு ஜப்பான் மதாம் வந்தா. ஆத்துக்கு அங்காலை புரோசார்டிலை இருந்து பஸ்ஸும் மெட்ரோவும் ஏறி வந்தவ. கையிலை பென்சிலாலை எழுதின இருபது தாள். எழுத்தெல்லாம் மேலிருந்து கீழை, வலமிருந்து இடமாய். மூங்கில் குழலுக்கான இசைக்குறிப்பாம். செத்துப்போன தன்ரை புருசன் ஆக்கின ஒரேயொரு மெட்டு, எங்கையும் பதிவு செய்யேல்லை. அதை வாசிக்கத் தெரிஞ்ச வேறை ஒருத்தரையும் இந்த ஊரிலை தனக்குத் தெரியாதாம். கண் மங்கிக்கொண்டு வருது, முழுசாய்ப் போகமுதல் பாடமாக்கவேணும், பெருசாக்கித் தாங்கோ எண்டா.

பெருசாக்கி, எங்கடை வழக்கப்படி இடப்பக்கம் சுருள் போட்டுக் கட்டிக் குடுத்தன். அவையின்ரை புத்தகம் மற்றப் பக்கத்தாலை திறக்குமெண்டு எனக்கென்ன தெரியும்? விரிச்சுப் பார்த்து, பிரெஞ்சிலை சொல்லிச் சிரிச்சா.

"பரவாயில்லை மிஸ்யூ, நான் கடைசிப் பக்கத்திலை தொடங்கிறன்."

சுத்தமான கொப்பி

கோடை முடியத் திரும்பி வந்தா. நாலு தாள்தான் பாடமாம். மிச்சம் தெரியேல்லை, இன்னும் ரெண்டு மடங்கு பெருசாக்கச் சொன்னா. பெருசாக்கிப் பார்த்தால், ஐயோ, எழுத்துகளுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் எறும்பு மாதிரிப் புள்ளி! கண்ணாடியைத் துடைச்சன், போகேல்லை. பென்சில் ஊத்தையெண்டு நினைச்சு, வெள்ளை மை எடுத்து அந்தக் கொப்பியிலை ரெண்டு நாளாய் ஒவ்வொண்டாய் மூடி, திரும்பவும் கொப்பி எடுத்தன். சிவமண்ணை தாளை வெளிச்சத்திலை பிடிச்சுப் பார்த்தார்.

"இப்பத்தான் நீ வேலை பழகியிருக்கிறாய்."

புள்ளி போன கண்

பனி கொட்டத் தொடங்க அவ வந்தது கொப்பிக்கு இல்லை, நன்றி சொல்லிப்போட்டுப் போக. பாடமாக்கிறதை விட்டிட்டாவாம். புதுக் கொப்பியிலை எழுத்துத் தெரியுது, பக்கத்துப் புள்ளியள் தெரியேல்லை. கண் முடிஞ்சுதெண்டு விளங்கிக் குழலைப் பெட்டிக்குள்ளை வைச்சிட்டாவாம்.

"என்ன புள்ளி மதாம்?" எண்டு கேட்டன். மேசையிலை விரலாலை தட்டிக் காட்டினா. எழுத்துத்தான் சுரம், புள்ளிதான் தாளம். வலப்புள்ளிக்கு ஒரு தட்டு, இடப்புள்ளிக்கு ஒரு தட்டு.

மூண்டு மாதம்! அவவுக்குப் பார்வை இருந்த மூண்டு மாதத்தை நான் துடைச்சு எறிஞ்சிருக்கிறன். மறைக்காமல் சொன்னன். ஏசுவா எண்டு தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன். அவவின்ரை முகம் மலர்ந்துபோச்சு.

"அப்ப என்ரை கண் இன்னும் போகேல்லையா?"

திருத்தின கொப்பி

அடுத்த கிழமை மூலத்தாளோடை வந்தா. கடையிலை இருந்ததிலை பெரிய கடதாசியைப் போட்டு, மையைக் கூட்டி எடுத்தன். ஒவ்வொரு புள்ளியும் மிளகளவு. இந்த முறை வலப்பக்கம் கட்டினன்.

யன்னலடிக்குக் கொண்டுபோய் முதல் தாளை முகத்துக்குக் கிட்டப் பிடிச்சா. தள்ளிப் பிடிச்சா. விரலாலை தடவினா.

"மிஸ்யூ, இதையும் துடைச்சுப் போட்டீங்களா?"

மிளகுப் புள்ளியள் தாளிலை அப்பிடியே கிடக்க, "ஓம் மதாம், என்ரை பிழைதான்" எண்டு சொல்லிப்போட்டன். செய்த பிழைக்கு ஒருக்கா, செய்யாத பிழைக்கு ஒருக்கா மன்னிப்புக் கேக்கிறதுதானே எங்கடை தொழில்.