வயிற்றுக் கிருமியின் மேல் போட்ட பழி

வீரகத்தியை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனகராயன்குளத்தில் அவனுடைய வாய்க்கு அகப்படாத அயலவர் குறைவு. கைக்கு அகப்பட்டவள் ஒருத்திதான், அவன் மனைவி நாகேஸ்வரி. இருபத்திரண்டு வருடம் பொறுத்தாள். போன மாரியில், சோறு ஆறிவிட்டதென்று அவளுடைய வலது மணிக்கட்டை முறித்தான். மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. தாய் கொடுத்த அரை ஏக்கர் காணியில் தகரக் கொட்டில் போட்டு, இடது கையால் கச்சான் கடலை விதைத்தாள்.

ஊர் அவளைத்தான் ஏசியது. "ஆம்பிளை எண்டால் கொஞ்சம் முன்கோவம் இருக்கும்தானே" என்றார்கள். அவள் கடைக்குப் போனால் கதை நின்றுவிடும். எவருக்கும் அவள் விளக்கம் சொல்லவில்லை. கச்சான் பிடுங்கினாள், அவித்தாள், பஸ் நிற்குமிடத்தில் கூடையோடு நின்று விற்றாள்.

அந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வுக்குழு வந்தது. நான் ஊர்ச் சுகாதாரத் தொண்டர். மலம் சேர்க்கும் சின்னப் போத்தல்களை வீடு வீடாகக் கொடுத்து வாங்குவது என் வேலை. அதற்காக நான் வாங்கிய நக்கல் கொஞ்சநஞ்சமல்ல.

குழுவில் வந்த டொக்டர் வினோஜா பொறுமையாக விளங்கப்படுத்தினார். குடலில் வாழும் நுண்ணுயிர்கள், பதற்றம் வரும்போது உடம்பில் வேலை செய்யும் மரபணுக்களைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றனவாம். நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலியை ஒடுங்கிய குழாய்க்குள் அடைத்தால், மற்ற எலிகளை விட அதற்குப் பதற்ற ஓமோன் அதிகமாகச் சுரக்குமாம். மனிதரில் எப்படியென்று இன்னும் சரியாகத் தெரியாது, அதைத்தான் தேடுகிறோம் என்றும் சொன்னார்.

வீரகத்தி போத்தலைத் திருப்பித் தரும்போது, "இது என்னத்துக்கு?" என்று உறுமினான். அவன் போனால் போதுமென்று, "வயித்துக் கிருமிதான் ஆக்களைப் பதட்டப்படுத்துதாம்" என்றேன். அந்த அரைகுறைக் கதைக்கு என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவன் கோயில் தலைவர் ஐயாத்துரையைக் கூட்டிக்கொண்டு நாகேஸ்வரியின் படலை வாசலுக்கு வந்தான். சாட்சி சொல்ல என்னையும் இழுத்து வந்தார்கள்.

"பிள்ளை, இவன்ர வயித்துக்குள்ள இருக்கிற கிருமிதான் கோவத்தைக் கிளப்புதாம். படிச்ச ஆக்களே சொல்லிப்போட்டினம். இவனில பிழை இல்லை. நீ வீட்டை வா" என்றார் ஐயாத்துரை.

முற்றத்தில் குந்தியிருந்து விதைக்கச்சான் உடைத்துக்கொண்டிருந்த நாகேஸ்வரி நிமிரவில்லை.

"ஐயா, போன கிழமை நெல்லு வாங்க வந்த முதலாளி, ஈரநெல்லைக் கொண்டந்தனீ எண்டு இந்தாளைக் கள்ளன் எண்டு பேசினவர். சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிண்டது. இந்தாள் என்ன செய்தவர் எண்டு கேளுங்கோ."

ஐயாத்துரை திரும்பி வீரகத்தியைப் பார்த்தார்.

"கையைக் கட்டிக்கொண்டு, ஓம் முதலாளி எண்டவர். நானும் கூடையோட அங்கதான் நிண்டனான். அண்டைக்கு அந்தக் கிருமி எங்க போனது?"

அவன் முகம் கறுத்தது. எனக்கு அதைப் பார்க்க நல்ல சந்தோசமாக இருந்தது. ஐயாத்துரை விடவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீயெல்லே சொன்னனீ. சொல்லு."

"நான் அரைவாசிதான் சொன்னனான் ஐயா" என்று எலியின் கதையையும், இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்பதையும் சொன்னேன். அப்போதுதான் நாகேஸ்வரி நிமிர்ந்தாள்.

"அந்த எலியைக் குழாய்க்குள்ள அடைச்சதும் கிருமியோ?"

"இல்லையக்கா. ஆக்கள்."

அவள் எழுந்து வந்து படலையைச் சாத்தினாள். கொளுக்கியை வலது கையால் மாட்டப் பார்த்தாள். மணிக்கட்டு மடங்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டு நிற்க, இடது கையால் மாட்டினாள்.