அண்ணன் விழுகிற சத்தம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு எலிக்காது என்று பெயர். அடுத்த அறையில் யாராவது பெருமூச்சு விட்டாலும் திரும்பிப் பார்ப்பார். சத்தங்களைச் சுத்தம் செய்வது அவர் வேலை. படங்களைத் தீட்டுவது என் வேலை. ஒரு பழைய வீடியோ கேமைப் புதிதாக்கித் தரும் பொறுப்பு எங்களிடம் வந்ததும் மனிதர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார்.

அந்த விளையாட்டை உருவாக்கியவர் அவருடைய அண்ணன். வாடகை வீட்டின் பின்னறையில், மைக்கைத் தலையணைமேல் சாய்த்து, எல்லாச் சத்தத்தையும் தன் வாயாலேயே போட்டவர். கதாநாயகன் பள்ளத்தில் விழும்போது கேட்கும் "ஐயய்யோ, போச்சே!" அவர் குரல்தான். அவர் கண்ணை மூடிப் பல வருடமாகிறது. அண்ணி இன்றும் அந்தப் பழைய விளையாட்டைப் போட்டு, வேண்டுமென்றே கதாநாயகனைப் பள்ளத்தில் தள்ளிவிடுவாராம். அது ஓடுகிற கணினியோ மக்கர் பண்ணத் தொடங்கிவிட்டது.

"புதுசுலயும் அவர் இருப்பார்ல தம்பி?" என்று அண்ணி கேட்டிருக்கிறார்.

முதலாளி புதுக் குரல் போடச் சொன்னார். எலிக்காது ஒற்றைக்காலில் நின்றார். "என்னை வேணா அனுப்பிடுங்க சார். அந்தக் குரல் மட்டும் இருக்கட்டும்." முதலாளிக்கே என்னவோ போலாகிவிட்டது, சம்மதித்தார்.

பிறகு அந்த ஒரு வரியை இழைத்து இழைத்துச் சுத்தம் செய்தார். மின்விசிறி இரைச்சல், தெருச் சத்தம், எல்லாம் போயிற்று. அண்ணியை அழைத்து வந்து உட்கார வைத்தார். அண்ணி கதாநாயகனைப் பள்ளத்தில் தள்ளினார். கேட்டார். மறுபடியும் தள்ளினார்.

"நல்லா பளிச்சுனு இருக்கு தம்பி. யாரு பேசினது?"

எலிக்காது திரும்பி அண்ணியைப் பார்த்தார்.

"அண்ணன்தான் அண்ணி."

"அவரா? மூச்சு வாங்காம அவருக்குப் பேச வராதே."

அண்ணனுக்கு ஆஸ்துமா. சொல்லுக்கு முன்னும் பின்னும் இழுத்த அந்த மூச்சு கணினிக்கு இரைச்சல்; தொழில் பழகிப்போன இவர் காதுக்கும் இரைச்சல். எனக்கு ஆத்திரமாக வந்தது. கூடப்பிறந்தவனின் மூச்சையா ஒரு மனுஷன் துடைத்து எறிவான்! அவர் கண்ணைப் பார்த்ததும் ஆத்திரம் அடங்கிவிட்டது.

நல்லவேளை, மூலப்பதிவு பத்திரமாக இருந்தது. இழுப்பும் இரைச்சலுமாக அதை அப்படியே திரும்பப் போட்டார்.

"கரகரன்னு இருக்கேய்யா," என்றார் முதலாளி.

"இருக்கட்டும் சார்."

அண்ணி மறுபடி தள்ளினார். மூச்சு இழுபட்டு இழுபட்டு, "ஐயய்யோ, போச்சே!" வந்தது. அண்ணி திரையைப் பார்த்துக் கடிந்துகொண்டார்.

"மெதுவா பேசுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? யாரு உங்கள விரட்டுறா?"