களைக்குது என்று கத்தினேன்

இந்த ஊரில் மருந்துக்குக்கூடச் சட்டை போடுகிறார்கள். மயிலாப்பூர் ஆஸ்பத்திரியில் என் மகள் மலரின் கட்டிலருகே தொங்கிய மஞ்சள் மருந்துப் பைக்கு நர்ஸ் பிள்ளை கறுப்பு உறை மாட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெளிச்சம் பட்டால் கறுத்துப் போகுமோ? இதுக்கென்ன கலியாணம் பேசியிருக்கினமோ?" என்றேன்.

"இன்னா ஆயா, மலையாளமா?" என்றாள் அவள். பெயர் செல்வி, ஈக்காட்டுத்தாங்கல்காரி.

"யாழ்ப்பாணத் தமிழ், பிள்ளை."

"இது தமிழா? பாட்டு மாதிரி கீது!"

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள்; என் பேச்சையும் திருத்துகிறாள், திருத்தட்டும். ஊரில் இருக்கிறவர்களும், என்னைப் போலப் பிள்ளைகளின் பின்னால் இங்கே வந்தவர்களும் கேட்கவேண்டிய கதை இது.

மலர் தி.நகரில் பிளவுஸ் தைக்கிறவள். சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் போய், மூக்குக்குள் பூஞ்சை பிடித்துக் கண்ணை நோக்கி ஏறியது. எங்கள் ஊரில் பாணில், இங்கே பிரெட் என்கிறார்களே, அதில்தான் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பக்கத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவோம். டாக்டர்களும் வெட்டினார்கள். மிச்சத்தை இந்த மருந்துதான் கொல்லவேண்டுமாம். மருந்தை நிறுத்தினால் கண்ணும் போகும், உயிரும் போகும். ஏற்றினால் சிறுநீரகம் பழுதாகலாம். அதனால் தினமும் இரத்தம் எடுத்தார்கள், சிறுநீரைக்கூட அளந்தார்கள்.

செல்வி அந்த மருந்தைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்தபோது நான் சண்டைக்கே போய்விட்டேன். சர்க்கரை வியாதிக்காரிக்குச் சர்க்கரையா?

"உப்புத் தண்ணில போட்டா திரிஞ்சிடும் ஆயா, கெட்டுப்போன பாலு மாதிரி. சுகரை நாங்க பாத்துக்கறோம். நீ அந்த ட்ரிப்ஸ் எறங்குற ஸ்பீடு மட்டும் தொடாத. குளிர் நடுக்கம் வந்தா கூப்புடு."

நான் நடுக்கத்துக்கே காத்திருந்தேன். போர்வையும் மடியில் இருந்தது. நடுக்கம் வரவில்லை. மருந்து இறங்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மலரின் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. முகம் சிவந்து, "அம்மா, ஏலாமல் கிடக்கு" என்றாள்.

"பிள்ளை, இவளுக்குக் களைக்குது!" என்று கத்தினேன்.

செல்வி அப்போது எதிர்க் கட்டிலில் ஒருவருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "களைப்பாத்தான் இருக்கும் ஆயா. தூங்கட்டும், விடு" என்றாள்.

மலர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவளுக்கு இழுப்பு வரும். தோளில் போட்டுக்கொண்டு, "பிள்ளைக்குக் களைக்குது" என்று ஒரே ஒரு தரம் சொல்லுவேன். பஸ்ஸையே மறித்து எங்களை ஏற்றிவிடுவார்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். இங்கே அசதி. நான் மறுபடியும் களைக்குது, களைக்குது என்றுதான் கத்தினேன். வேறு சொல் வாயில் வரவில்லை. மகள் என் கண்முன்னே போய்க்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஓடிப்போய் செல்வியின் கையைப் பிடித்து, வாயைப் பிளந்து, 'ஹா, ஹா' என்று நானே மூச்சிழுத்துக் காட்டினேன்.

"ஐயோ ஆயா, உனக்கு இன்னா ஆச்சு?" என்று என்னை உட்காரவைக்கப் பார்த்தாள்.

"எனக்கில்லையடி, அவளுக்கு!"

அப்போதுதான் மலரைப் பார்த்தாள். பாய்ந்துபோய்க் குழாயை அடைத்தாள். டாக்டர் வந்தார், ஊசி போட்டார்கள், மூக்கில் காற்று வைத்தார்கள். நான் சுவரைப் பிடித்தபடி நின்றேன். ஊரில் என்றால் என்னைத் தாங்க நாலு பேர் ஓடிவந்திருப்பார்கள். இங்கே என்னைத் தாங்கியதும் அந்தச் செல்விதான். "மூச்சு வாங்குதுன்னு சொல்லக்கூடாதா ஆயா?" என்று அழுதாள்.

மறுநாளும் அதே மருந்துதான். வேறு வழியில்லை என்றார் டாக்டர். முதலில் ஒரு தடுப்பு ஊசி, பிறகு மருந்து மெல்ல மெல்ல. டாக்டர் பக்கத்திலேயே நின்றார். செல்வி மலரின் நாடியிலிருந்து கையை எடுக்கவில்லை. முதல் சொட்டு இறங்கும்போதே யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சியின் போன் வந்தது.

"அக்கா, பிள்ளைக்குக் களைக்குதே?"

அதே நேரம் செல்வி என்னை நிமிர்ந்து பார்த்து, "மூச்சு வாங்குதா ஆயா?" என்றாள்.

யாருக்கு எந்தப் பேச்சில் பதில் சொல்ல? நான் போனை மலரின் வாயருகே பிடித்தேன். செல்வியும் குனிந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. இரண்டு பேரும் என் மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.