தைமூரின் குதிரைகளுக்குப் புல் ஏது?

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமில்லாததையும் மறைக்க மாட்டேன். 1996 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளிகளின் விவாதப் போட்டிக்காக அப்பாவும் நானும் நோர்பரியிலிருந்து ஆர்ச்வே போனோம். தலைப்பு: ‘தைமூர் சீனாவை வென்றிருப்பானா?’ சமர்க்கந்தில் இருந்து ஆண்ட அந்த மன்னன் சீனாமேல் படையோடு புறப்பட்டவன். வென்றிருக்க மாட்டான் என்பது என் கட்சி. முதல் பரிசு பெரிய உலகப் படப்புத்தகம். அது எனக்கு வேண்டியிருந்தது.

12.40க்கு ரயில். விக்டோரியாவில் மாறி, யூஸ்டனில் நோர்தேர்ன் லைன் சுரங்க ரயில் (எல்லோரும் டியூப் என்பார்கள்). எனக்கு நாள் சீட்டு 1 பவுண் 70. யூஸ்டனில் இருபத்தைந்து நிமிடம் காத்திருந்ததில், கட்டிவந்த ஆறு சான்ட்விச்சும் முடிந்தன.

“ஆர்ச்வேயே இன்னும் வரேல்லை, சாப்பாடு முடிஞ்சுது. தைமூரின்ரை படை என்ன செய்திருக்கும், அப்பா?”

“அவன் சனிக்கிழமை டியூப்பிலை போகேல்லை, பிள்ளை.”

(ஸ்டேஷனிலிருந்து மண்டபம் ஏற்றத்தில் பன்னிரண்டு நிமிடம். போகிறவர்கள் நல்ல சப்பாத்துப் போடுங்கள்.)

அப்டன் பார்க் பள்ளி சுகன்யா முதலில் பேசினாள். பேச்சை எழுதியது அவளுடைய மாமா. பெரியவர்கள் எழுத, பிள்ளைகள் பாடமாக்குவது எங்கள் போட்டிகளில் வழக்கம். யாருக்கும் அது குற்றமில்லை. “சீனப் பெருஞ்சுவரை அவன் குதிரை ஒரே பாய்ச்சலில் தாண்டியிருக்கும்!” என்று கையை வீசினாள். மண்டபமே கைதட்டியது. எந்தக் குதிரை அப்படித் தாண்டும்? ஒருவரும் கேட்கவில்லை.

நான் நானே எழுதியதைப் பேசினேன். கடும் குளிரில் புறப்பட்டான், நடுவில் பாலைவனம், அத்தனை குதிரைகளுக்கும் பனிக்கடியில் புல் ஏது? நடுவர் மேசையைத் தட்டினார்.

“பிள்ளை, வீரத்தைப் பற்றிப் பேச வந்தனீர், புல்லைப் பற்றியே பேசுறீர்?”

சபை சிரித்தது. அப்பாவும் சிரித்தார், அதையும் எழுதத்தான் வேண்டும். நேரம் முடிந்து மணி அடித்தபோது என் கடைசிப் பக்கம் வாசிக்காமல் கையிலேயே இருந்தது. படப்புத்தகம் சுகன்யாவுக்குப் போனது. கைதட்டலைக் கேட்டு வரலாற்றைத் தீர்மானிக்க இவர்கள் யார்? போட்டிக்குப் போகிறவர்களே, முக்கியமானதைக் கடைசிப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

எல்லோரும் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருக்க, நடுவரிடம் போனேன்.

“ஐயா, தைமூர் சீன எல்லையையே காணேல்லை. போற வழியிலை, அந்தக் குளிருக்குள்ளையே செத்துப்போனான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “மெய்யாவோ? வழியிலையோ?”

“ஓம். என்ரை கடைசிப் பக்கத்திலை இருக்கு.”

தாளை வாங்கி, நின்றபடியே வாசித்தார். இரண்டு வரி தாண்டியிருப்பார். மண்டபம் ஐந்து மணி வரைக்கும்தான் என்று காவலாளி விளக்குகளை அணைத்துவிட்டார்.