பூட்டக்காவும் அணையாத கம்ப்யூட்டரும்

மனநல மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாயங்காலம் கதவைப் பூட்டியதும் பூட்டைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்ப்பாள். படியிறங்கிப் போனவள் திரும்ப ஏறி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். அதனால் எல்லோருக்கும் அவள் பூட்டக்கா. டாக்டர் மட்டும் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அங்கே வருகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டே படியேறுகிறவர்கள். யாருக்கு என்ன மாத்திரை என்பது வெளியே கசிந்தால் ஒரு குடும்பத்தின் மானமே சந்தி சிரித்துவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் அவள் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர். காலையில் நல்ல பிள்ளை மாதிரி எழுந்துகொள்ளும். சாயங்காலம் அணைத்தால் மட்டும் நகராது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கல்யாண வீட்டு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கதை பேசும் பெரியம்மாக்கள்கூட அதற்குமுன் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பாதியில் வயரைப் பிடுங்கவும் முடியாது. ஒருமுறை பெருக்குகிற அம்மா தெரியாமல் பிடுங்கிவிட்டதில் அடுத்த வாரத்து அப்பாயிண்ட்மெண்ட் எல்லாம் காணாமல் போயிற்று. திரை முழுசாக இருளும் வரை காத்திருந்து, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதற்குள் அவளுடைய பஸ் போய்விடும்.

பஸ் போனால் போகட்டும் என்று இருக்க முடியவில்லை. அப்பா காத்திருப்பார்.

அப்பாவுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. வீட்டில் அவரும் அவளும் மட்டும்தான். பகலில் அவரை முதியோர் காப்பகம் ஒன்றில் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். சாயங்காலம் அங்கே வீட்டுக்குப் போகிற மணி அடித்ததும் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் கேட்டில் வந்து நிற்பார். போன வாரம் அவளுக்கு ரொம்பவே தாமதமாகிவிட, தானே நடக்கத் தொடங்கிவிட்டார். பெரிய ரோட்டில், லாரிகளுக்கு நடுவே, ஒரு மருந்துக்கடைக்காரர் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எங்களால வெச்சுக்க முடியாதும்மா. வேற இடம் பாத்துக்கோங்க" என்று காப்பகத்து அம்மா சொல்லிவிட்டார். வேறு இடம் எங்கே இருக்கிறது?

மறுநாளே கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பெண்ணை வரவழைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வேலையை ஆரம்பிக்கிற ரகம் அந்தப் பெண். பிரிண்டரைக் கழற்றிவிட்டு அணைத்துப் பார்த்தாள். வட்டம் சுற்றியது. பின்னணியில் ஓடிய புரோகிராம்களை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தாள். வட்டம் அசரவில்லை. கடைசியில் எங்கோ ஆழத்தில் ஒரு செட்டிங்கைத் திறந்தவள், "அடேயப்பா!" என்று ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தாள்.

"அக்கா, வேலை செய்யும்போது இது சிலதை டிஸ்க்குல தற்காலிகமா எழுதி வெச்சுக்கும். அணைக்கும்போது அதை மொத்தமா அழிச்சிட்டுத்தான் போகணும்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. தினமும் உக்காந்து அழிச்சிட்டு இருக்கு, பாவம். யாரு வேலைக்கா இது?"

பூட்டக்கா மெல்லக் கையைத் தூக்கினாள். "நான்தாம்மா."

சில மாதங்களுக்கு முன்பு, முன்னால் வந்துகொண்டிருந்த மெக்கானிக்கிடம், நாங்கள் கிளம்பின பிறகு இந்தப் பெட்டிக்குள் ஒரு பொட்டு விவரம் மிஞ்சக்கூடாது என்று நச்சரித்தவள் அவள்தான். அப்போது அப்பா வீட்டில் தனியாக இருக்கிற நிலையில் இருந்தார். நேரமானாலும் அவளுக்கு உறைக்கவில்லை.

"இப்ப டிஸ்க்குக்கே பூட்டு இருக்குக்கா. பாஸ்வேர்டு இல்லாம ஒரு எழுத்தைக்கூட யாரும் படிக்க முடியாது. இதை எடுத்துரலாமா?"

"நிஜமாவே முடியாதா?"

"முடியாது."

"எங்க, இன்னொரு தடவை சொல்லு."

அந்தப் பெண் சிரித்தாள். பூட்டக்கா சிரிக்கவில்லை. டாக்டரின் அறைக்குள் போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வந்து, "எடுத்துரு" என்றாள்.

அன்று சாயங்காலம் அணைத்ததும் வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. திரை இருண்டது. அவள் நம்பாமல் திரையைத் தட்டிப் பார்த்தாள். பூட்டை ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டு ஓடி பஸ்ஸைப் பிடித்தாள்.

காப்பகத்தில் இன்னும் மணிகூட அடிக்கவில்லை. அப்பா உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பை மடியில் இருந்தது. சந்தோஷத்தில் மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்கம்மா. யாரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்க?"

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"என் பொண்ணு கொஞ்சம் லேட்டாத்தான் வருவா" என்றார் அப்பா. "வேலை அப்படி. ஆனா வந்துருவா."

அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மணி அடித்தது. அப்பா எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, தன் வழக்கம்போல் கேட்டுக்குப் போய் ரோட்டைப் பார்த்து நின்றார். அவள் அவரைத் தாண்டி வெளியே நடந்தாள். பஸ் நிற்கிற இடம் வரை போனாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையை ஆட்டியபடி, வழக்கம்போல் அரக்கப் பரக்கத் திரும்ப ஓடி வந்தாள்.

தூரத்திலேயே அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "வந்துட்டியா! மெதுவா வாடா, எதுக்கு இந்த ஓட்டம்? நான் எங்க போயிடப் போறேன்?"