ஃபிரிட்ஜுக்குள் வைத்த கம்ப்யூட்டரும் அண்ணியும்

வயிற்றில் கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு நின்ற அந்தப் பழைய ஃபிரிட்ஜை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. சிதம்பரத்தில் வீட்டில் உட்கார்ந்தபடியே, கட்டப்போகும் கட்டடங்களை முப்பரிமாணப் படமாக்கிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கியிருந்தேன். முதல் பெரிய வேலை ஒரு கல்யாண மண்டபம். மறுநாள் மாலைக்குள் தராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக இன்ஜினியர் சொல்லிவிட்டார். கத்திரி வெயிலோ மண்டையைப் பிளந்தது. படம் பாதி ஓடுவதற்குள் கம்ப்யூட்டர் சூடேறி அணைந்துவிடும். நான்தான் மகா புத்திசாலி ஆயிற்றே! ஃபிரிட்ஜின் தட்டுகளைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியை அப்படியே உள்ளே தூக்கி வைத்தேன். ஒயர் போவதற்காகக் கதவு ரப்பரையும் வெட்டினேன்.

காலை முழுக்க ஓடியது. மதியம் கதவைத் திறந்தால், ஒயர் நுழைந்த இடத்தில் முத்து முத்தாகத் தண்ணீர். பதறிப்போய்க் கடலூரில் இருக்கும் என் அண்ணிக்குப் போன் போட்டேன். அவர் அங்கே ஓர் இறால் கம்பெனியின் குளிர் அறையில் வேலை பார்த்தார்.

"கரண்ட்டப் புடுங்கு மொதல்ல. கதவ மூடு. வெளிய மட்டும் எடுத்துடாத தம்பி, மொத்தமா வேர்த்துடும். நான் வர்றேன்."

மறுநாளுக்கும் சேர்த்து லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்து வந்தார். கையில் கனமான பாலிதீன் உறை. கம்ப்யூட்டர் ஃபிரிட்ஜுக்குள் இருக்கும்போதே அதை உறையில் இட்டு, காற்றைப் பிதுக்கி, வாயை முறுக்கிக் கட்டினார். அப்புறம்தான் வெளியே எடுக்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் உறையின் வெளிப்புறம் வேர்த்து வழிந்தது.

"பாத்தியா, உள்ள எறங்க வேண்டிய தண்ணி."

"இப்ப போட்டுப் பாக்கலாமா அண்ணி?"

"கைய வச்ச, ஒதப்பேன்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில், குளிர் அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த எலக்ட்ரானிக் தராசு ஒன்று கெட்டு, பழி அவர் தலையில் விழுந்ததாம். காரணத்தை யாரும் சொல்லவில்லை. கண்ணாடி டம்ளரை உள்ளேயும் வெளியேயும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, குளிர்ந்த பொருள் வெளிக்காற்று பட்டால் வேர்க்கும் என்று அவராகவே கண்டுபிடித்திருக்கிறார். பத்தாவதைத் தாண்டாதவர். இன்ஜினியரிங் படித்த நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெட்டியின் குளிர் முழுக்க விட்டபிறகு உறையைப் பிரித்து, விடியும்வரை ஃபேன் காற்றில் வைத்தோம். காலையில் என் கட்டிலை வெளியே தள்ளச் சொன்னார். ராத்திரித் தூக்கத்துக்கு மட்டுமே நான் ஏசி போட்டுக்கொண்டிருந்த அந்தப் படுக்கையறையில் கம்ப்யூட்டரை வைத்து, இருபத்தாறு டிகிரியில் விட்டு, கதவைச் சாத்தினார். "ஜில்லுன்னு வேணாம். வேர்க்காத அளவுக்குக் குளுந்தா போதும்." மதியத்துக்கெல்லாம் படம் முடிந்தது. மண்டபம் கையை விட்டுப் போகவில்லை. இன்று அதே அறையில் மூன்று கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. ஏசி அதே இருபத்தாறில்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இறால் கம்பெனிக்குப் போகிறவள், கவிச்சி வாடை என்று அம்மா அவரை ஒதுக்கியபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான். சிதம்பரத்துக்குக் குடிவந்த மூன்று வருடத்தில் ஒருநாள்கூட அவரை வீட்டுக்கு அழைத்ததில்லை. அன்று அவரைப் பஸ் ஏற்றிவிடும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அடுத்த தடவ ஏதும் கெட்டுப்போவாம இருக்கும்போதே கூப்புடு தம்பி. அப்பவும் வருவேன்."