வெந்நீரும் பத்து நிமிடமும்

என் வீட்டுக்காரருக்கு ஆலையில் வைத்திருக்கும் பெயர் வெந்நீர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி எப்போதும் ஓடுவதால் வந்த பெயர். எலக்ட்ரீஷியன். பல் தேய்த்துக்கொண்டே செருப்பைத் தேடுவார். கல்யாண ஆல்பத்தில் அவர் இருக்கும் பாதிப் படங்கள் மங்கல். ஒரு இடத்தில் நின்றால்தானே!

வலது கட்டைவிரலில் அவருக்கு நகம் கிடையாது. ஏதோ ஒரு மெஷினில், மெயினை அணைத்த கையோடு உள்ளே விரலை விட்டதில் கருகிப் போனது.

போன வாரம் ஆலைக்குள் காற்றடிக்கும் பெரிய ப்ளோயருக்குப் புது டிரைவ் வந்தது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி அது. கூடவே தலையணை மொத்தத்துக்கு ஆங்கில மேனுவல். நான் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறவள் என்பதால் அது நேராக என் மடிக்கு வந்தது.

"லோடு கூடினா டிரிப் ஆகும்னு போட்டிருக்கே, மோட்டார் எங்க டிரிப் போகுது?"

"உங்க அம்மா வீட்டுக்கு. டிரிப்னா பட்டுனு நின்னுடும்டி. கடைசிப் பக்கத்துக்குப் போ, எர்ரர் கோடெல்லாம் அங்கதான் இருக்கும்."

நான் முதல் பக்கத்தை விடவில்லை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும், பத்து நிமிடத்துக்கு மூடியைத் திறக்காதே என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. வாசித்துக் காட்டினேன்.

"எல்லா மேனுவல்லயும் போடுறதுதான்" என்றார், சட்டையை மாட்டியபடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமும்தான். "நகம் போனது போதாதா? பத்து நிமிஷம் சும்மா இருந்தா தேஞ்சா போயிடுவீங்க?"

கேட்க ஆள் இல்லை. படியிறங்கிவிட்டார். அன்றிலிருந்து எந்தப் போன் அடித்தாலும் ஆலையிலிருந்துதானோ என்று ஓடிப்போய் எடுத்தேன்.

நேற்று ஸ்டாஃப் ரூமில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவரே இல்லை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. டிரைவ்ல ஒரு ஒயர் லூசு. இப்பதான் மெயின ஆஃப் பண்ணேன்."

"கைய வைக்காதீங்க!"

"வைக்கல. கையில போன் இல்லன்னா ஸ்க்ரூடிரைவர எடுத்துடுவேன். பத்து நிமிஷம் ஏதாவது பேசிட்டு இரு."

எதிலிருந்து ஆரம்பிப்பது? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் இவர் எனக்கு வாய்த்ததில்லை.

"குழாய் ஒழுகுதுன்னியே, அதையாவது சொல்லு."

குழாயைச் சொன்னேன். மகள் கணக்கில் கோட்டைவிட்டதைச் சொன்னேன். நடுநடுவே "ஆச்சா?" என்றார். அவர் ஷூ தரையைத் தட்டிக்கொண்டே இருப்பது கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது.

"நீ முன்னாடி பாடுவியே, ஏன் விட்டுட்ட?"

"கேக்குறதுக்கு ஆள் நின்னாத்தானே."

அப்புறம் மெதுவாக, "பத்து ஆச்சா?" என்றார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் கூப்பிட்டுப் பன்னிரண்டு நிமிடம் தாண்டியிருந்தது.

"இல்ல, இன்னும் இருக்கு" என்றேன்.